சென்னையில் இறங்கினால் என்ன செய்ய வேண்டும்?

(தோட்ட மாதர் சங்கக் கூட்டத்தில் நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை)



இன்றைக்கு நாங்கள் பேச எடுத்துக்கொண்ட விசயம் இந்தியப் பயணம். 1964ஆம் ஆண்டு சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் வந்த பிறகு, அண்ணன் ஒரு நாடு, தங்கச்சி ஒரு நாடு என்று பிரிந்துபோன குடும்பங்கள் நம்ம லயங்களில் எத்தனையோ உண்டு. அன்று தலைமன்னாரில் கப்பல் ஏறியவர்களின் பிள்ளைகள் இன்று கோத்தகிரியிலும் கூடலூரிலும் இருக்கிறார்கள். அவர்களைப் பார்க்கவும், பழனிக்கு நேர்த்திக்கடன் வைக்கவும், வைத்தியம் பார்க்கவும் நம்ம ஆட்கள் போய்வருகிறார்கள். சீட்டுப் பிடித்து, நகையை அடகு வைத்துச் சேர்த்த காசில் போகிற பயணம். அது வழியிலேயே கெட்டுப்போகக் கூடாது.

நம்மிடம் ஒரு நினைப்பு இருக்கிறது. "அங்கேயும் தமிழ்தானே, யாரையாவது கேட்டுப் போயிடலாம்" என்போம். இந்த நினைப்புத்தான் ஆபத்து. டுபாய்க்குப் போகிற பிள்ளை பயந்து, நாலு பேரிடம் விசாரித்துப் போகிறது. சென்னைக்குப் போகிறவரோ பக்கத்துத் தோட்டத்துக் கலியாணத்துக்குப் போகிற மாதிரிப் போகிறார். பாஷை ஒன்று, மணிக்கூட்டு நேரமும் ஒன்று. ஆனால் நாடு வேறு. சென்னையில் நாங்கள் வெளிநாட்டார். இதை மனதில் வைத்தாலே பாதிக் கஷ்டம் குறையும்.

முதலில் இங்கேயே செய்ய வேண்டியவை. பிறப்புச் சாட்சிப்பத்திரத்தில் ஒரு பெயர், அடையாள அட்டையில் ஒரு பெயர், வீட்டில் கூப்பிடுவது ஒரு பெயர் என்பது நம்ம மத்தியில் சாதாரணம். வீசாவிலும் டிக்கட்டிலும் பாஸ்போட்டில் உள்ள பெயர் எழுத்துக்கு எழுத்து அப்படியே இருக்க வேண்டும். ஈ-வீசா எடுப்பதென்றால் இந்திய அரசின் இணையத்தளத்தில் மட்டும் எடுங்கள். அதைப் போலவே தோற்றம் காட்டிக் காசு பிடுங்கும் தளங்கள் இருக்கின்றன. சந்தேகம் வந்தால் கண்டியிலேயே இந்திய உதவி உயர் ஸ்தானிகராலயம் இருக்கிறது, அங்கே கேட்கலாம்.

2025 ஒக்டோபர் 1 முதல் வெளிநாட்டார் வருகைப் படிவத்தை இணையத்திலேயே, பயணத்துக்கு முந்திய மூன்று நாட்களுக்குள் நிரப்பும் வசதி வந்திருக்கிறது. அதற்குக் காசில்லை. அதில் தங்கும் இடத்தின் விலாசம் கேட்பார்கள். "கோத்தகிரியில் சித்தி வீடு" என்றால் போதாது. வீட்டு இலக்கம், ஊர், போன் நம்பர் எல்லாம் வேண்டும். இவற்றை ஒரு தாளிலும் எழுதி, தமிழிலும் இங்கிலீசிலும் வைத்துக்கொள்ளுங்கள். போனில் மட்டும் வைத்திருந்தால், சார்ஜ் இறங்கியதும் விலாசமும் போய்விடும்.

இன்னொன்று. உங்கள் சொந்த ஊர் திருச்சி, புதுக்கோட்டை, மதுரைப் பக்கமென்றால் சென்னைக்குப் போய்ச் சுற்ற வேண்டாம். கொழும்பிலிருந்து திருச்சிக்கு நேரே விமானம் இருக்கிறது. டிக்கட் போட முந்தி இதை யோசியுங்கள்.

இனி சென்னையில் இறங்குகிறோம். எல்லாரும் போகிற பக்கம் போனால் குடிவரவுக் கவுண்டர்கள் வரும். இந்தியப் பாஸ்போட்டுக்கு ஒரு வரிசை, வெளிநாட்டாருக்கு ஒரு வரிசை, ஈ-வீசாக்காரருக்குத் தனி இடம். முன்னுக்கு நிற்கிறவர் தமிழ் பேசுகிறார் என்று அவர் பின்னால் போய் நிற்காதீர்கள். பலகையைப் பாருங்கள், இல்லாவிட்டால் அங்கே நிற்கிற உத்தியோகத்தரிடம் பாஸ்போட்டைக் காட்டிக் கேளுங்கள். விரல் அடையாளமும் போட்டோவும் எடுப்பார்கள், பயப்பட வேண்டாம். ஏன் வந்தீர்கள், எங்கே தங்குவீர்கள், எத்தனை நாள் என்று கேட்பார்கள். உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். சொந்தக்காரரைப் பார்க்க வந்தால் அதையே சொல்லுங்கள். சுற்றுலா வீசாவில் போய் வேலை செய்ய முடியாது. முத்திரை குத்தித் தந்ததும் அங்கேயே நின்று திகதியைப் பாருங்கள். அந்தத் திகதிக்குப் பிறகு ஒரு நாள் கூடுதலாக இருந்தாலும் திரும்பும்போது தண்டமும் தொல்லையும்தான்.

அடுத்தது சுங்கம். இது முக்கியம், கவனமாகக் கேளுங்கள். கொழும்பிலிருந்து போகும் விமானங்களில் தங்கம் கடத்துகிறவர்கள் இருப்பதால் சென்னையில் சோதனை கடுமை. கட்டுநாயக்கவில் ஒருவர் சிரித்துப் பேசி, "அக்கா, இந்தச் சின்னப் பார்சலைக் கொண்டுபோங்க, வெளியில நம்ம தம்பி வாங்கிக்குவான்" என்பார். டிக்கட் காசு தருகிறேன் என்றுகூடச் சொல்லுவார். தொடாதீர்கள். உள்ளே என்ன இருந்தாலும் பிடிபடுவது உங்கள் கை. சொந்த நகையும் அளவோடு போதும். 2023இல் இலங்கைப் பெண் ஒருவரின் தாலிக்கொடியையே சென்னை விமான நிலையத்தில் சுங்கத்தார் எடுத்துவிட்டார்கள். சென்னை உயர் நீதிமன்றம் திருப்பிக் கொடுக்கச் சொன்னது 2025இல். நீதி கிடைத்தது உண்மை, ஆனால் வழக்குப் பேச நமக்கு வசதி எங்கே? கலியாணத்துக்குப் போடுகிற நகையெல்லாம் போட்டுக்கொண்டு விமானம் ஏற வேண்டாம்.

காசு மாற்றும் விசயம். இலங்கை ரூபாவை அங்கே கடையில் வாங்க மாட்டார்கள். பாஸ்போட்டையும் டிக்கட்டையும் காட்டி இங்கே வங்கியில் டொலர் வாங்கிக்கொள்ளலாம். விமான நிலையத்தில் விலை குறைத்துத்தான் கொடுப்பார்கள். வழிச் செலவுக்கு மட்டும் அங்கே மாற்றி, மிச்சத்தை நகரத்தில் அனுமதி உள்ள கடையில் மாற்றி, ரசீது வாங்குங்கள். அங்கே சிம் கார்ட் எடுக்கவும் பாஸ்போட், வீசா பிரதி கேட்பார்கள். அது வேலை செய்ய நேரம் எடுக்கலாம். அதனால் உறவினர் எந்த வாசலில் நிற்பார் என்பதை இங்கேயே பேசி வையுங்கள்.

வெளியில் வந்ததும் "எங்க போகணும், வாங்கம்மா" என்று பெட்டியில் கை வைப்பவர்கள் வருவார்கள். பெட்டியைக் கொடுக்காதீர்கள். டெக்ஸி வேண்டுமென்றால் முற்பணக் கவுண்டர் இருக்கிறது. அங்கே இடத்தைச் சொல்லிக் காசு கட்டி, துண்டு வாங்கிப் போகலாம். பெட்டி குறைவென்றால் மெட்ரோ ரயில் நல்லது. விமான நிலையத்தோடு சேர்ந்தே மெட்ரோ நிலையம் 2016இலிருந்து இருக்கிறது. சென்ட்ரலுக்கு அதிலேயே போகலாம். எழும்பூருக்கு ஆலந்தூரில் இறங்கி மாற வேண்டும். கட்டணம் 50 இந்திய ரூபாவுக்கு மேல் வராது. இரவு பதினொரு மணியோடு முடிந்துவிடும். எதிர்ப்பக்கம் திரிசூலம் ஸ்டேசனிலிருந்து சாதாரண கோச்சியிலும் எழும்பூர் போகலாம், அது இன்னும் மலிவு.

கோத்தகிரிப் பக்கம் போகிறவர்களுக்குச் சென்ட்ரலிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு இரவு நீலகிரி எக்ஸ்பிரஸ் இருக்கிறது. தெற்கே போகிறவர்கள் கவனியுங்கள். முந்திப் போய்வந்தவர்கள் "கோயம்பேட்டில பஸ் ஏறு" என்று சொல்லுவார்கள். 2023 டிசம்பர் கடைசியில் கிளாம்பாக்கத்தில் புது பஸ் நிலையம் திறந்தார்கள். திருச்சி, மதுரைப் பக்க அரசு பஸ்கள் இப்போது அங்கேயிருந்துதான் போகின்றன. விமான நிலையத்திலிருந்து கோயம்பேடு நகரப் பக்கம், கிளாம்பாக்கம் தாம்பரம் தாண்டி மறுபக்கம். தெரியாமல் கோயம்பேடு போனால் வந்த வழியே திரும்ப வேண்டும்.

தங்கும் இடம். வெளிநாட்டார் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் அரசாங்கத்துக்கு அறிவிக்க வேண்டும் என்பது அந்த நாட்டுச் சட்டம். லொட்ஜ்காரர்கள் இதை "சி ஃபாம்" என்று சொல்லிப் பழக்கம். இந்த வசதி செய்யாத லொட்ஜில் காலி அறை இருந்தாலும் நமக்குத் தர மாட்டார்கள். எங்களுக்குத் தெரிந்த ஒரு வயசான புருசன் பெண்சாதி, ராத்திரி பத்து மணிக்கு மூன்று லொட்ஜ் ஏறி இறங்கி, கடைசியில் ஸ்டேசன் பெஞ்சில் விடிய விடிய உட்கார்ந்திருந்தார்கள். பேச்சைக் கேட்டு உள்ளே கூப்பிட்டவர்கள் பாஸ்போட்டைப் பார்த்ததும் கையை விரித்துவிட்டார்கள். அதனால் இங்கிருந்தே போன் பண்ணி, "இலங்கைப் பாஸ்போட், இடம் தருவீங்களா?" என்று இந்த ஒரு கேள்வியைக் கேளுங்கள். உறவினர் வீட்டில் தங்கினாலும் அவர்கள் அறிவிக்க வேண்டும். முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், பிறகு பொலிஸ் வந்து கேட்டால் அவர்களுக்குத்தான் சங்கடம். இலங்கைத் தமிழர் என்றால் ஒரு கேள்வி கூடுதலாக வரும். கோபப்படாமல் பதில் சொல்லுங்கள்.

லொட்ஜில் பாஸ்போட்டைப் பிரதி எடுக்கக் கொடுக்கலாம். எடுத்ததும் கையோடு திரும்ப வாங்குங்கள். "காலையில தாறோம்" என்றால் விடாதீர்கள். ஒரு பிரதியை இங்கே வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். தொலைந்தால் அங்கே பொலிஸில் முறைப்பாடு செய்து, சென்னையில் உள்ள இலங்கைத் துணை உயர் ஸ்தானிகராலயத்துக்குப் போக வேண்டும். அவசரத்துக்கு இந்தியா முழுவதும் 112 என்ற நம்பர்.

சகோதரிகளே, 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் நாடற்றவர்களாக ஆக்கப்பட்டவர்கள் நம்ம பெரியவர்கள். மிச்சமிருந்தவர்களுக்கும் பிரஜாவுரிமை தரும் சட்டம் வந்தது 2003இல். எந்த நாட்டுப் பாஸ்போட்டும் இல்லாமலே கண்ணை மூடியவர்கள் இந்தத் தோட்டத்து மண்ணில் இருக்கிறார்கள். அந்தச் சின்னப் புத்தகம் இன்று உங்கள் கையில் இருக்கிறது. அதைத் தெரியாத மனிதர் கையில் கொடுக்காதீர்கள்.

பயணம் போகிறவர்கள் இரண்டு கிழமைக்கு முந்தி, மஸ்டர் முடிந்த பிறகு பாஸ்போட்டோடு நலன்புரிக் காரியாலயத்துக்கு வாருங்கள். விலாசத் தாளை உட்கார்ந்து சேர்ந்தே எழுதுவோம், லொட்ஜுக்கும் போன் போட்டுப் பார்ப்போம். அதற்குக் காசு ஒன்றும் வேண்டாம். போய்வந்த பிறகும் ஒரு எட்டு வந்து சொல்லுங்கள். அங்கே என்ன மாறியிருக்கிறது என்று தெரிந்தால் அடுத்துப் போகிறவருக்கு உதவும்.