மூலதனத்தையே கொடுத்தவர் அஸீம் பிரேம்ஜி

(நமது அறக்கட்டளையின் கல்வி உதவித்தொகை வழங்கும் நிகழ்வில், நிர்வாகக் குழுவின் சார்பில் ஆற்றிய உரை)





இந்த மேடையில் வழக்கமாகக் கல்வியின் சிறப்பைப் பேசுவோம். இந்த ஆண்டு ஒரு செல்வந்தரைப் பற்றிப் பேச முடிவு செய்தோம். விப்ரோ நிறுவனத்தின் அஸீம் பிரேம்ஜிதான் அவர். அவருடைய கோடிகளை எண்ணி நமக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. ஆனால் அவர் கொடுத்த முறையில் நம்மைப் போன்ற சிறிய அறக்கட்டளைக்கும் ஒரு பாடம் இருக்கிறது.

அவர் ஏழையாகப் பிறந்து உயர்ந்தவர் அல்லர். 1945 ஜூலை 24 அன்று பம்பாயில் ஒரு வசதியான குஜராத்தி முஸ்லிம் வணிகக் குடும்பத்தில் பிறந்தார். தந்தை முகமது ஹாஷிம் பிரேம்ஜி ‘பர்மாவின் அரிசி அரசர்’ என்று அழைக்கப்பட்டவர். மகன் பிறந்த அதே ஆண்டு டிசம்பரில், மகாராஷ்டிராவின் ஜல்காவ் மாவட்டத்தில் அமல்னேர் என்ற சிற்றூரில் ஓர் எண்ணெய் ஆலையைத் தொடங்கினார். வனஸ்பதியும், துணி துவைக்கும் சோப்பும் அங்கே தயாராயின. அந்த எண்ணெய்க் கம்பெனிதான் இன்றைய விப்ரோ.

1966இல் தந்தை காலமானார். அப்போது அஸீம் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் மின் பொறியியல் படித்துக்கொண்டிருந்தார். வயது 21. படிப்பை நிறுத்திவிட்டு ஊர் திரும்பினார். முதல் பங்குதாரர் கூட்டத்திலேயே ஒருவர் எழுந்து, “இந்தக் கம்பெனியை நடத்த உங்களால் ஆகாது, பங்குகளை விற்றுவிட்டுப் போங்கள்” என்ற பொருளில் பேசினார். அந்தப் பேச்சுதான் தமக்கு வைராக்கியத்தைக் கொடுத்தது என்று பிரேம்ஜி பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

மாணவச் செல்வங்களே, பாதியில் நின்ற அந்தப் பட்டப்படிப்பை அவர் விட்டுவிடவில்லை. பல ஆண்டுகள் கழித்து, பெரும் தொழிலதிபராகி விட்ட பிறகும், மீதிப் பாடங்களைப் படித்து முடித்துப் பட்டம் பெற்றார். குடும்பச் சூழலால் படிப்பு தடைப்பட்டவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

எண்ணெயோடு அவர் நிற்கவில்லை. குளியல் சோப்பு, மின்விளக்கு, ஹைட்ராலிக் சிலிண்டர் என்று தொழில் விரிந்தது. 1970களின் கடைசியில் ஐபிஎம் இந்தியாவை விட்டு வெளியேறியபோது, கணினித் துறையில் ஓர் இடம் காலியாவதைக் கண்டு அதில் இறங்கினார். பிறகு மென்பொருள் சேவை. 2000இல் விப்ரோ நியூயார்க் பங்குச் சந்தையில் இடம்பெற்றது. அமல்னேரில் ஆரம்ப காலத்தில் பங்கு வாங்கி, விற்காமல் வைத்திருந்த சாதாரணக் குடும்பங்கள்கூடக் கோடீஸ்வரர்களாயின.

இதுவரை ஈட்டிய கதை. இனி கொடுத்த கதை.

இதற்கு வித்திட்டவர் அவருடைய தாயார் குல்பானு பிரேம்ஜி. மருத்துவம் படித்தவர். போலியோவாலும் மூளை முடக்குவாதத்தாலும் பாதிக்கப்பட்ட குழந்தைகளுக்காகப் பம்பாயில் ஓர் அறநிலைய மருத்துவமனையை உருவாக்க உழைத்தார். பல்லாண்டுகள் அதைக் கட்டிக்காத்தார். தம்மிடம் இருக்கும் கொடைக்குணம் தாயிடமிருந்து வந்தது என்பதைப் பிரேம்ஜி பலமுறை சொல்லியிருக்கிறார்.

2001இல் அவர் பெயரிலான அறக்கட்டளை செயல்படத் தொடங்கியது. அவர் காசோலை எழுதிக் கொடுத்ததோடு முடித்துக்கொள்ளவில்லை. விப்ரோவில் தமக்கிருந்த பங்குகளையே, திரும்பப் பெற முடியாதபடி, அறப்பணிக்கு எழுதிவைத்தார். 2010இல் சுமார் 8,846 கோடி ரூபாய் மதிப்புள்ள பங்குகள். 2013இல் இன்னும் 12 சதவீதம். 2019 மார்ச்சில் மேலும் 34 சதவீதத்தின் பயன். மதிப்பு 52,750 கோடி ரூபாய். ஆக, விப்ரோவின் 67 சதவீதப் பங்குகளின் பயன் அறப்பணிக்கே உரியதாயிற்று. அன்றைய மொத்த மதிப்பு ஏறக்குறைய 1,45,000 கோடி ரூபாய்.

தேங்காயைக் கொடுப்பது ஒரு வகை. தென்னந்தோப்பையே எழுதிக் கொடுப்பது இன்னொரு வகை. தோப்பு நிற்கும்வரை காய் வந்துகொண்டே இருக்கும். இது நமக்குப் புதிதல்ல. சொத்தை நிறுத்திவைத்து அதன் வருமானத்தைப் பொதுநலனுக்கு விடுவதைத்தானே நம் முன்னோர் வக்ஃபு என்றார்கள்? நம் ஊர்களில் பள்ளிவாசலுக்கும் மதரஸாவுக்கும் அவர்கள் எழுதிவைத்த நிலங்கள் அதற்குச் சாட்சி.

அந்தப் பணம் எங்கே போகிறது? பெரும்பகுதி அரசுப் பள்ளிகளுக்கு. நமக்கு அருகிலுள்ள புதுச்சேரியிலும் பல மாநிலங்களிலும் அரசுப் பள்ளி ஆசிரியர்களுக்குப் பயிற்சி தருகிறார்கள். பெங்களூருவில் ஒரு பல்கலைக்கழகம் நடத்துகிறார்கள். கர்நாடக அரசுப் பள்ளிகளில் வாரம் இரண்டு நாள் கிடைத்த முட்டை ஆறு நாளும் கிடைக்க, மீதி நான்கு நாள் செலவை 2024இல் ஏற்றுக்கொண்டார்கள். அரசுப் பள்ளியில் பத்தாம் வகுப்பும் பன்னிரண்டாம் வகுப்பும் முடித்துக் கல்லூரியில் சேரும் மாணவியருக்கு, குறிப்பிட்ட மாநிலங்களில் ஆண்டுக்கு 30,000 ரூபாய் தருகிறார்கள்.

“அவர் நம் சமுதாயத்துக்கு என்ன செய்தார்?” என்று சிலர் எங்களிடம் கேட்டதுண்டு. அரசுப் பள்ளி வகுப்பறையை எண்ணிப் பாருங்கள். முட்டை வாங்க வரிசையில் நிற்கும் பிள்ளைகளில் நம் பிள்ளையும் இருக்கிறது, அண்டை வீட்டுப் பிள்ளையும் இருக்கிறது. பசிக்கு ஜாதி மதம் கிடையாது. நம் உதவித்தொகையும் எல்லாச் சமுதாயப் பிள்ளைகளுக்கும் உரியது என்பதை இந்த நேரத்தில் மீண்டும் சொல்லிக்கொள்கிறோம்.

இனி நம் நிலைமைக்கு வருவோம். ரமலானில் நமக்கு வசூல் நன்றாக இருக்கும். கல்லூரிச் சேர்க்கை நடக்கும் மாதங்களில் கையிருப்பு கரைந்திருக்கும். முதலாம் ஆண்டுக்குக் கட்டணம் கட்டிய மாணவிக்கு மூன்றாம் ஆண்டுக்கும் கட்டுவோம் என்று எங்களால் உறுதி சொல்ல முடிவதில்லை. அந்தப் பிள்ளையின் பெற்றோர் ஒவ்வோர் ஆண்டும் மனக்கலக்கத்தோடு நம் அலுவலக வாசலில் வந்து நிற்கிறார்கள்.

எனவே ஒரு வேண்டுகோள். கல்விக்கென்றே நிலையான வருமானம் தரும் ஒரு சொத்தை உருவாக்குவோம். மாதம் 8,000 ரூபாய் வாடகை வரும் ஒரே ஒரு கடை கிடைத்தால் ஆண்டுக்கு 96,000 ரூபாய். தலா 30,000 ரூபாய் வீதம் மூன்று மாணவியர் படிக்கலாம். மிஞ்சும் 6,000 ரூபாய் வரிக்கும் பராமரிப்புக்கும் ஆகும். அந்த மூவர் முடித்ததும் அடுத்த மூவர். கடை இருக்கும்வரை படிப்பும் தொடரும்.

ஜகாத் தொகையை இதில் சேர்க்க மாட்டோம். அது உரியவர்களின் கைக்கு உடனே சேர வேண்டியது. விருப்பத்தோடு தரும் ஸதகாவை மட்டுமே இதற்குக் கேட்கிறோம். பத்துப் பேர் சேர்ந்து ஒரு கடை வாங்கலாம். இடம் இருப்பவர் ஒரு மனையை எழுதிவைக்கலாம். வரவு செலவுக் கணக்கை ஆண்டுதோறும் இதே மடலில் அச்சிட்டு உங்கள் முன் வைப்போம்.

பிரேம்ஜி கொடுத்த அளவு நம்மால் ஆகாது. அவர் கொடுத்த விதம் நம் சக்திக்கு உட்பட்டதுதான். இன்று உதவித்தொகை வாங்கும் பிள்ளைகளே, நாளை நீங்கள் சம்பாதிக்கும்போது இந்தத் தோப்பில் ஒரு கன்று நட வாருங்கள்.

எல்லாம் வல்ல இறைவன் நம் எண்ணத்தை நிறைவேற்றித் தருவானாக. வஸ்ஸலாம்.