கலைக்கு யார் கூலி கொடுப்பது?
(நினைவுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



நாடகக்காரர் ஒருவர் இறந்த பிறகு அவரைப் பற்றிப் பேச நமக்கு மண்டபம் கிடைத்துவிடுகிறது. அவர் உயிரோடு இருந்தபோது ஒத்திகை பார்க்க மண்டபம் கிடைத்ததா என்று நாம் கேட்பதில்லை. இன்று கேட்டுவிடலாம் என்று வந்திருக்கிறேன். அரசு, கட்சி, கோயில், கம்பெனி என எதன் தயவிலும் நிற்காத ஒரு நாடகக் குழு, அதிலும் தலித் கலைஞர்களின் குழு, திருச்சி மாதிரியான ஊரில் எதைக் கொண்டு உயிர் வாழ்கிறது? இதுதான் என் கேள்வி.

முதலில் ஆற்றைத் தாண்டி அக்கரைக்குப் போவோம். அரங்கம் என்றால் ஆற்றிடைக்குறை. நாடகம் நடக்கும் இடத்துக்கும் அதே சொல்தான். திருவரங்கத்தில் இரண்டு பொருளும் பொருந்தும். மார்கழியில் பகல் பத்து, இராப் பத்து நாட்களில் அங்கே அரையர் சேவை நடக்கிறது. தலையில் கூம்புக் குல்லாய், கையில் தாளம். அரையர்கள் பாசுரங்களைப் பாடி, அபிநயம் பிடித்து, பொருள் சொல்கிறார்கள். பரம்பரை உரிமையாக ஆண்களுக்கு மட்டும் வாய்த்த கலை அது. தமிழ்நாட்டில் திருவரங்கம், ஸ்ரீவில்லிபுத்தூர், ஆழ்வார்திருநகரி என்று சில ஊர்களில்தான் மிஞ்சியிருக்கிறது. எனக்கு அதன் மீது பகை இல்லை. அது எப்படி நிலைத்தது என்பதை மட்டும் பாருங்கள். எந்த நாள், எந்த மண்டபம், யார் பாடுவது, யாருக்கு என்ன மரியாதை என்பதெல்லாம் முன்கூட்டியே தீர்மானிக்கப்பட்டவை. ஒரு கலை நூற்றாண்டுகளைத் தாண்ட வேண்டுமென்றால் பக்தி மட்டும் போதாது. அதற்கு ஓர் ஏற்பாடு வேண்டும்.

அந்த அரையர்கள் பாடும் நாலாயிரத்தில் பத்துப் பாசுரங்கள் உறையூர்க்காரர் ஒருவருடையவை. அவர் திருப்பாணாழ்வார், பாணர் குலத்தில் வளர்ந்தவர். வைணவ மரபு சொல்லும் கதை உங்களுக்குத் தெரியும். தீட்டு என்பதால் தீவில் கால் வைக்காமல் காவிரியின் தென்கரையில் நின்று பாடினார். தண்ணீர் எடுக்க வந்த லோகசாரங்கர் விலகச் சொன்னார். பாட்டில் லயித்திருந்தவர் விலகவில்லை. கல் விழுந்தது, ரத்தம் வந்தது. பிறகு அதே லோகசாரங்கர் அவரைத் தோளில் சுமந்து உள்ளே கொண்டுபோனார். உள்ளே போனவர் பத்துப் பாட்டுப் பாடி இறைவனோடு கலந்துவிட்டார், திரும்பி வரவில்லை. சிதம்பரத்தில் நந்தனாரும் திரும்பி வரவில்லை. பாணரின் பாட்டுக்கு நிரந்தர மேடை கிடைத்தது. பாணருக்குக் கிடைக்கவில்லை. கலையை எடுத்துக்கொண்டு கலைஞரைக் காணாமல் போகச் செய்யும் வழக்கம் நமக்கு அவ்வளவு பழையது.

இனி இக்கரைக்கு வருவோம். திருச்சியில் 1914இல் ரசிக ரஞ்சன சபா தொடங்கியது. அதை நிறுவிய எஃப்.ஜி. நடேச ஐயர் தென்னிந்திய ரயில்வேயில் அதிகாரி. நாடகத்தின் மீது அவருக்கிருந்த பற்று உண்மையானது, எம்.கே. தியாகராஜ பாகவதரைச் சிறுவனாக மேடையேற்றியவர் அவர். ஆனால் சபா நாடகத்தின் பொருளாதாரம் எளிமையானது. சம்பளம் அலுவலகத்திலிருந்து வரும். மாலையில் நாடகம் போடலாம். பின்னால் வந்த நவீன நாடகக் குழுக்களிலும் பெரும்பாலும் இதே கதைதான். ஆசிரியர், வங்கி ஊழியர், பேராசிரியர் என்று மாதச் சம்பளம் வாங்கியவர்கள்தான் காசு எதிர்பார்க்காமல் நடிக்க முடிந்தது. கூலி வாங்காமல் இருப்பதற்கும் ஒரு வசதி வேண்டும்.

எம்.ஆர். ராதாவின் வழி வேறு. சொந்தக் கம்பெனி, சொந்தத் திரைச்சீலை, டிக்கெட் வசூல். பார்வையாளர் கொடுத்த காசில் நின்றுகொண்டே அவர்களுடைய சாமியையும் சாதியையும் கேலி செய்தார். 1954இல் சென்னை மாகாணத்தில் வந்த நாடகச் சட்டம் அவரை மனத்தில் வைத்தே கொண்டுவரப்பட்டது என்று பலரும் சொல்வார்கள். அதன் முக்கியப் பிரிவுகள் செல்லாது என்று உயர் நீதிமன்றம் சொல்வதற்கு 2013 ஆனது. வழக்குப் போட்டவர் ‘பரீக்‌ஷா’ நாடகக் குழுவின் ஞாநி. ஏறக்குறைய அறுபது ஆண்டுகள் ஒரு சட்டம் நாடகக்காரர் தலைக்கு மேல் தொங்கியிருக்கிறது.

அந்தச் சட்டம் போனதும் ஆபத்து போய்விட்டதா? மக்கள் கலை இலக்கியக் கழகம் 1993இல் திருவரங்கத்தில் கருவறை நுழைவுப் போராட்டம் நடத்தியது. அந்த அமைப்பின் பாடகர் கோவன், மதுக்கடைகளை மூடச் சொல்லிப் பாடியதற்காக 2015 அக்டோபர் இறுதியில் திருச்சியில் அவர் வீட்டிலேயே கைது செய்யப்பட்டார். போட்ட வழக்கு தேசத்துரோகம். 2018இல் இன்னொரு பாட்டுக்காக மீண்டும் கைது. அவருடைய அரசியலோடு எல்லோரும் உடன்பட வேண்டியதில்லை. சுயேச்சையான குழுவின் வரவு செலவில் ஒலிபெருக்கி வாடகையோடு ஜாமீன் செலவுக்கும் ஒரு வரி எழுத வேண்டியிருக்கிறது என்பதைக் கவனியுங்கள்.

ஆக, கோயில் ஏற்பாடு, மாதச் சம்பளம், டிக்கெட், அமைப்பு என்று நான்கு வழிகள். இவற்றில் தலித் கலைஞருக்கு எது திறந்திருக்கிறது? கோயில் இல்லை. மாதச் சம்பளம் மிகச் சிலருக்கு. டிக்கெட் போட வேண்டுமென்றால் எல்லோரும் வந்து உட்காரும் பொது இடம் வேண்டும். கிராமத்தில் மந்தை ஊருக்குச் சொந்தம். சேரியில் நாடகம் போட்டால் ஊர் வராது. அமைப்புதான் மிஞ்சுகிறது. அமைப்பு என்றால் நாம்தான். அதனால் நம்மைப் பற்றிப் பேசுகிறேன்.

கே.ஏ. குணசேகரனை இங்கே நினைக்காமல் இருக்க முடியாது. ‘பலி ஆடுகள்’ எழுதி தலித் அரங்குக்குத் தமிழில் வழி போட்டவர். ‘தன்னானே’ குழுவோடு ஊர் ஊராகப் போனவர். இன்குலாப்பின் ‘மனுசங்கடா’ பாட்டை மக்கள் வாய்க்குக் கொண்டுபோனவர். ‘வடு’வில் தன் வாழ்க்கையை எழுதினார். 2016 ஜனவரியில் மறைந்தார். பல்கலைக்கழகப் பேராசிரியர் வேலை அவருக்குக் கைகொடுத்தது. அவரோடு ஒரே மேடையில் ஆடிப் பாடிய எத்தனையோ பேருக்கு அப்படி ஒரு வேலை இல்லை. அவர்கள் மறுநாள் காலையில் சித்தாள் வேலைக்குப் போனார்கள்.

பறையை எடுத்துக்கொள்வோம். ஊர்ச் சாவுக்குப் பறையடிப்பது கலை என்ற பெயரில் நடக்கவில்லை. கட்டாயக் கடமையாக, வெட்டியாக நடந்தது. மறுத்தவர்களுக்கு அடியும் ஊர்விலக்கும் கிடைத்தன. இழிவின் அடையாளமென்று பறையை வீசியெறிவதா, எதிர்ப்பின் குரலாகக் கையில் எடுப்பதா என்று தலித் இயக்கத்துக்குள் நீண்ட விவாதம் நடந்தது. திண்டுக்கல் சக்தி கலைக்குழுவில் இளம் பெண்கள் பறையை எடுத்துத் தோளில் மாட்டியபோது அந்த விவாதம் இன்னொரு கட்டத்துக்குப் போனது. 2025இல் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. மகிழ்ச்சிதான். ஆனாலும் என் பார்வையில் பறை கலையாகும் இடம் விருது மேடை அல்ல. அடிக்க மாட்டேன் என்று சொல்லும் உரிமையும், அடித்தால் இவ்வளவு கூலி என்று சொல்லும் உரிமையும் ஒரே கையில் சேரும்போதுதான் பறை கலையாகிறது.

இந்த இடத்தில்தான் நம் இயக்கங்கள் இடறுகின்றன. ஒரு கருத்தரங்கின் வரவு செலவுத் தாளை ஒருமுறை பார்த்தேன். பந்தல், மைக் செட், பிளக்ஸ், சாப்பாடு எல்லாவற்றுக்கும் தொகை இருந்தது. கலைக்குழுவுக்கு நேராகப் ‘பஸ் செலவு’ என்று மட்டும் எழுதியிருந்தது. மைக் செட்காரரிடம் யாரும் சமூக மாற்றத்துக்காக இலவசமாகப் போட்டுக்கொடுங்கள் என்று கேட்பதில்லை. கலைஞரிடம் கேட்கிறோம். “நம்ம நிகழ்ச்சிதானே தோழர்” என்கிறோம். கூலி இல்லாமல் அடித்தே ஆக வேண்டும் என்று ஊர் சொன்னதற்கும், நாம் அன்பாகச் சொல்வதற்கும் நோக்கத்தில் வேறுபாடு உண்டு. வீட்டுக்குப் போகும் கலைஞரின் பையில் வேறுபாடு இல்லை.

ஒரு கணக்குப் போடுவோம். எட்டுப் பேர் கொண்ட குழு, முக்கால் மணி நேர நாடகம். இருபது நாள், நாளுக்கு மூன்று மணி நேரம் ஒத்திகை. மொத்தம் 480 மணி நேரம். எட்டு மணி நேர வேலைநாளாகப் பார்த்தால் 60 நாள் உழைப்பு. அழைப்பவர்களுக்குத் தெரிவது முக்கால் மணி நேரம். அந்த 60 நாளை யார் கொடுத்தார்கள்? பெயின்ட் அடிக்கப் போகும் தம்பியும், ஜவுளிக்கடையில் நிற்கும் தங்கையும் தங்கள் தூக்கத்திலிருந்து எடுத்துக் கொடுத்தார்கள்.

அரசிடமோ தொண்டு நிறுவனத்திடமோ போகலாமே என்பீர்கள். போகலாம். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் பக்கத்துப் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் கலைப்பயணங்களின் வழியே எத்தனை பேரை மேடைக்குக் கொண்டுவந்தது! ஆனால் திட்டத்துக்கு ஒரு முடிவுத் தேதி உண்டு. கருப்பொருளும் திட்டத்தோடு வரும். கழிப்பறை பற்றி நாடகம் போடப் பணம் கிடைக்கும். அந்தக் கழிப்பறையை யார் சுத்தம் செய்கிறார் என்று போடக் கிடைக்காது. பணத்தை வாங்குங்கள், ஒரே இடத்தில் வாங்காதீர்கள் என்பதே என் யோசனை. ஒரு கை மூடினாலும் குழு மூடிவிடக் கூடாது.

பத்துப்பாட்டில் ஐந்து ஆற்றுப்படைகள். பரிசில் பெற்று வரும் கலைஞர், எதிரே பசியோடு வரும் கலைஞரிடம் எந்த வழியில் போனால் யார் கொடுப்பார் என்று சொல்வதே அதன் அமைப்பு. புரவலரைப் புகழும் பாட்டு என்றே நமக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். எனக்கு அதில் கலைஞருக்குக் கலைஞர் செய்யும் உதவி தெரிகிறது. தனக்குக் கிடைத்த இடத்தை மறைத்துவைக்காமல் சொல்லிக்கொடுக்கும் பழக்கம் அது. நமக்கு இன்று புரவலர் வேண்டாம். அந்தப் பழக்கம் வேண்டும்.

ஆகவே சில வேலைகளை முன்வைக்கிறேன். ஒன்று, அழைப்போடு தொகையையும் எழுத்தில் சொல்வோம். பட்ஜெட்டில் முதல் வரி கலைஞர் ஊதியமாக இருக்கட்டும். தொகை சிறியதானாலும் சரி. இரண்டு, திருச்சியிலும் திருவரங்கத்திலும் நம் தோழர்கள் பொறுப்பில் உள்ள அம்பேத்கர் மன்றங்களும் படிப்பகங்களும் வாரத்தில் இரண்டு மாலை ஒத்திகைக்குத் திறந்திருக்கட்டும். மூன்று, ஒவ்வொரு நிகழ்ச்சி வருமானத்திலும் ஒரு பங்கு பொது நிதிக்குப் போகட்டும். மருத்துவத்துக்கும் வழக்குக்கும் அது உதவும். நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியத்தில் பதிவு செய்யாதவர்களுக்கு மாணவர்கள் உட்கார்ந்து படிவம் நிரப்பிக் கொடுக்கலாம். நான்கு, பெண் கலைஞர்களின் கடைசிப் பேருந்து நேரத்தைக் கேட்டுவிட்டு நிகழ்ச்சி நிரலைப் போடுவோம். கைக்குழந்தையோடு வருபவர் இருந்தால் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் வைப்போம். ஐந்து, காணொளி எடுத்தால் நடித்தவர், பாட்டுக் கட்டியவர், பறை அடித்தவர் பெயர்களைப் போடுவோம். ஆறு, நாடகத்தைப் பற்றி எழுதுவோம். கைதட்டல் அன்றோடு போய்விடும். எது சரியில்லை என்று எழுதினால்தான் அடுத்த நாடகம் நன்றாக வரும்.

இவை எதுவும் புரட்சி அல்ல, வீட்டுக் கணக்கு மாதிரியான விஷயங்கள். ஆனால் இந்தக் கணக்குச் சரியில்லாமல்தான் பல குழுக்கள் மூன்றாவது நாடகத்தோடு நின்றுபோகின்றன. கொள்கை இல்லாமல் நின்றவை அல்ல அவை.

கூட்டம் முடிந்ததும் வாசல் மேசையில் ஒரு நோட்டு இருக்கும். ஒத்திகைக்கு இடம் தரக்கூடியவர்கள் பெயரும் கைபேசி எண்ணும் எழுதுங்கள். படிவம் நிரப்ப வரும் மாணவர்கள் அடுத்த பக்கத்தில் எழுதுங்கள். இன்று பறையடித்த குழுவுக்குரிய ஊதியத்தை மன்றம் மாலையிலேயே கொடுத்துவிட்டது. இனி நடக்கும் கூட்டங்களிலும் அப்படியே நடக்கட்டும்.