முன்பணமும் முன்யோசனையும்



முப்பது ஆண்டுகள் கணக்குப் பாடம் கற்பித்த நான், ஒருமுறை கணக்கில் தவறினேன். அமெரிக்காவில் வாழும் என் மகன், மயாமித் துறைமுகத்திலிருந்து செல்லும் உல்லாசக் கப்பலில் எங்களுக்கு இடம் பதிய முற்பட்டான். ஒரே அறைக்கு இருவகைக் கட்டணங்கள் இருந்தன. முன்பணம் திரும்பக் கிடைக்கும் வகையைவிட, திரும்பாத வகை 100 டாலர் குறைவு. முன்பணமோ 500 டாலர். "குறைந்ததையே கொள்வோம்" என்றேன். புறப்பட நான்கு மாதம் இருக்கையில் என் மனைவி நோயுற்றார். பயணம் நின்றது, மகனுடைய 500 டாலரும் போயிற்று. நிபந்தனை தெளிவாகவே எழுதப்பட்டிருந்தது, நான்தான் படிக்கவில்லை.

இப்போது கணக்கிடுங்கள். இத்தகைய ஆறு பயணங்களில் ஒன்று தடைப்பட்டால், மற்ற ஐந்தில் மிச்சமான தொகை முழுவதும் அதிலேயே கரைந்துவிடும். அந்த 100 டாலருக்கு நான் விற்றது, பயணத்தைக் கைவிடும் உரிமையை. பயணம் உறுதியானவர் அதனை விற்கலாம். முதியோர் உள்ள குடும்பத்தார் தயங்குதல் நன்று.

திரும்பக் கிடைக்கும் முன்பணத்துக்கும் காலவரம்பு உண்டு. பெரும்பாலும் புறப்பாட்டுக்கு ஏறத்தாழ மூன்று மாதம் முன்பே முழுத் தொகையையும் செலுத்திவிட வேண்டும். அதன்பின் விலகினால் பிடித்தம் படிப்படியாக உயரும். இறுதி நாட்களில் முழுக் கட்டணமும் போகும்.

கப்பல் நிறுவனமே பயணத்தை நிறுத்தினால் நிலை வேறு. அமெரிக்கத் துறைமுகங்களிலிருந்து புறப்படும் பயணம் அவ்வாறு நின்றால், 2022ஆம் ஆண்டு விதிப்படி பணத்தைத் திரும்பக் கோரலாம்.

ஆகவே, "எவ்வளவு குறைவு?" என்று கேட்குமுன், "எந்த நாள்வரை திரும்பக் கிடைக்கும்?" என்று கேளுங்கள்.