பழைய போன் பில், புதுக் கடன்

(நூலக வாசகர் கூட்டம் ஒன்றில் பேசியது. படிப்பவர்களுக்காகச் சில இடங்களில் மட்டும் விரித்து எழுதப்பட்டிருக்கிறது.)

கூட்டம்னாலே போனை அணைச்சு வைக்கச் சொல்வாங்க. நான் சொல்லப் போறதில்லை. போன் கையிலேயே இருக்கட்டும், கடைசியில் அதில் ஒரு வேலை இருக்கு.

எங்க வீட்டில் நடந்ததையே முதலில் சொல்லிடறேன். 2017-ல் ஒரு வருஷம் சென்னையில் வாடகைக்கு இருந்தோம். பையன் படிப்புக்காக என் வீட்டுக்காரர் பேரில் போஸ்ட்பெய்டில் ஒரு டேட்டா கார்டு வாங்கினோம். அடுத்த வருஷம் ஊருக்குத் திரும்பினபோது அதைப் பிடுங்கி மேசை டிராயரில் போட்டாச்சு. பயன்படுத்தலைன்னா பில் வராதுன்னு ஒரு நினைப்பு. பில் என்னவோ மாசாமாசம் பழைய வீட்டு முகவரிக்குப் போய்க்கிட்டே இருந்திருக்கு. கொஞ்ச நாளில் நிறுவனமே இணைப்பைத் துண்டிச்சிடுச்சு. எங்களைப் பொறுத்தவரை கதை அத்தோடு முடிஞ்சது.

2024 ஜூனில் மகளுக்கு இன்ஜினியரிங் சீட் கிடைச்சுது. கல்விக் கடனில் பெற்றோர் ஒருவர் சேர்ந்து கையெழுத்துப் போடணும், தெரியும்தானே. வங்கி மேலாளர் கம்ப்யூட்டர் திரையைத் திருப்பிக் காட்டினார். வீட்டுக் கடன் ஒழுங்காகக் கட்டி முடிச்சது இருந்தது. அதுக்குக் கீழே ஒரு வரி, தொலைபேசிக் கணக்கு, பாக்கி 1,386 ரூபாய், ‘ரிட்டன் ஆஃப்’. "சார், இதைச் சரி பண்ணிட்டு வாங்க" என்றார். கல்லூரியில் பணம் கட்ட எங்களுக்கு இருந்தது பதினோரு நாள்.

‘ரிட்டன் ஆஃப்’ என்றதும் தள்ளுபடி பண்ணிட்டாங்க, நல்லதுதானேன்னு என் வீட்டுக்காரர் கேட்டார். நிறையப் பேர் அப்படித்தான் நினைக்கிறாங்க. வராத பணம் என்று நிறுவனம் தன் கணக்கில் எழுதி வைத்துக்கொள்வதுதான் அது. நமக்கு அது தள்ளுபடி கிடையாது, பாக்கி அப்படியேதான் இருக்கு. கடன் கொடுக்க வர்றவர் கண்ணில் 1,386 என்கிற தொகையைவிட அந்தச் சொல்தான் பெரிசாத் தெரியும்.

போன் பில் எப்படிக் கடன் பதிவுக்குள் வந்தது? போஸ்ட்பெய்டில் முதலில் பேசிட்டுப் பிறகு காசு தர்றோம். அதுவும் ஒரு வகைக் கடன்தான். 2005-ஆம் ஆண்டு கடன் தகவல் நிறுவனங்கள் சட்டத்தின்கீழ் நம் நாட்டில் நாலு நிறுவனங்கள் இயங்குது: டிரான்ஸ்யூனியன் சிபில், ஈக்விஃபாக்ஸ், எக்ஸ்பீரியன், சிஆர்ஐஎஃப் ஹைமார்க். நாம் எல்லாத்தையும் சேர்த்து ‘சிபில்’ என்கிறோம், சிபில் அதில் ஒண்ணுதான். இந்தப் பதிவேடுகளில் வீட்டுக் கடன், நகைக் கடன் மாதிரியே செல்போன், தரைவழி போன், பிராட்பேண்ட் கணக்குகளுக்கும் தனி வகை உண்டு. ப்ரீபெய்டுக்கு இந்தக் கவலை இல்லை.

கடன் வாங்கப் போறவங்களுக்கு மட்டும்தானே இதுன்னு நினைக்காதீங்க. பொதுத்துறை வங்கி வேலைக்கான ஐபிபிஎஸ் அறிவிப்பில், பணியில் சேரும்போது கடன் வரலாறு நல்லபடியாக இருக்கணும் என்று ஒரு நிபந்தனை இருக்கு. 2025-ல் சென்னை உயர்நீதிமன்றத்துக்கு ஒரு வழக்கு வந்தது. பாரத ஸ்டேட் வங்கிப் பணிக்குத் தேர்வானவரின் நியமனம் பழைய பாக்கிப் பதிவுகளைக் காட்டி ரத்தானது, நீதிமன்றம் வங்கியின் முடிவு சரி என்றது. அது போன் பில் விவகாரம் இல்லை, கடன் பாக்கி. ஆனாலும் தேர்வு எழுதும் பிள்ளைகள் வீட்டில் இருந்தால் காதில் போட்டு வையுங்க.

சரி, எங்க கதைக்கு வர்றேன். அவசரத்தில் நாங்க வரிசையா மூணு தப்புப் பண்ணப் பார்த்தோம்.

வீட்டுக்கு வந்ததும் இவர் யுபிஐ செயலியைத் திறந்து, போஸ்ட்பெய்டு பில் பகுதியில் பழைய எண்ணை அடிச்சார். 399 ரூபாய் பில் வந்தது. "பார்த்தியா, குறைச்சுட்டாங்க!" என்று பின் நம்பரைப் போடப் போனார். மேலே பேரைப் பார்த்தால் யாரோ ஒரு அம்மா பேர். துண்டிச்ச எண்ணைக் கொஞ்ச காலம் கழிச்சு வேறொருவருக்குக் கொடுத்துடுவாங்க. அன்னைக்குக் கட்டியிருந்தால் அந்த அம்மாவுக்கு ஒரு மாசம் இலவசம், எங்க பதிவு மட்டும் அப்படியே இருந்திருக்கும். பழைய பாக்கியை எண்ணை வச்சுக் கட்டாதீங்க. கடன் அறிக்கையில் இருக்கிற கணக்கு எண்ணை வச்சு, நிறுவனத்தில் உறுதி பண்ணிக்கிட்டுக் கட்டுங்க.

ரெண்டாவது, வாடிக்கையாளர் மையம். அந்த எண் உங்க பேரில் இல்லையே என்றார்கள், அதோடு விட்டுட்டோம். விட்டிருக்கக் கூடாது. புகார் எண் வாங்காமல் போனை வைக்கவே கூடாது, ஏன் என்பதைப் பிறகு சொல்றேன்.

மூணாவது தான் உண்மையான கண்ணி. வசூல் ஏஜென்சியிலிருந்து பேசறேன்னு ஒருத்தர் அழைச்சார். "700 ரூபாய் இந்த நம்பருக்கு அனுப்புங்க சார், செட்டில் பண்ணிடலாம்." பாதிக்குப் பாதி மிச்சம், யாருக்குத்தான் ஆசை வராது? இதில் ரெண்டு ஆபத்து இருக்கு. தனியார் ஒருத்தர் யுபிஐ எண்ணுக்குப் போற காசு நிறுவனத்தைச் சேரும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. இன்னொண்ணு, சேர்ந்தாலும் பதிவில் ‘செட்டில்டு’ என்று விழும். முழுசாக் கட்டாமல் பேரம் பேசி முடிச்சார் என்று அதுக்கு அர்த்தம். வங்கிக்கு அது நல்ல சொல் இல்லை. பெரிய கடனில் வேற வழியில்லாமல் சிலர் அதுக்கு ஒத்துக்கலாம், அது அவங்க நிலைமை. ஆயிரத்துச் சொச்ச ரூபாய்க்கு அந்தக் கறையை வாங்கிக்கிறது புத்திசாலித்தனம் இல்லை என்பது என் அபிப்பிராயம். முழுத் தொகையும் கட்டினால் ‘குளோஸ்டு’ என்று வரணும், பாக்கி பூஜ்யம் ஆகணும்.

அப்புறம் செய்தது என்னன்னா, முதலில் நாலு நிறுவனத்திலும் அறிக்கை எடுத்தோம். ஒவ்வொரு நிறுவனமும் ஒவ்வொரு காலண்டர் ஆண்டிலும் ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகத் தரணும், ரிசர்வ் வங்கி விதி. பான் எண், பிறந்த தேதி, போனுக்கு வர்ற ஓடிபி, இவ்வளவுதான். நம் அறிக்கையை நாமே பார்த்தால் ஸ்கோர் குறையும் என்று ஒரு வதந்தி ஓடுது, அது சரியில்லை. நாலையும் பார்க்கணும், ஏன்னா ஒண்ணில் இருக்கிறது இன்னொண்ணில் இல்லாமல் இருக்கலாம். எங்களுக்கு ரெண்டில் இருந்தது, ரெண்டில் இல்லை.

அறிக்கையின் பிரதியோடும் ஆதாரோடும் நிறுவனத்தின் சொந்தக் கிளைக்கே போனோம். சில்லறை விற்பனைக் கடையில் இது நடக்காது. கணக்கு எண்ணைப் பார்த்ததும் பழைய பதிவு கிடைச்சது. முழுசாக் கட்டி ரசீது வாங்கி, நிலுவை இல்லைச் சான்று கேட்டோம். "பணம் கட்டியாச்சே, அதெல்லாம் தானா மாறிடும்" என்றார் அந்தத் தம்பி. தானா மாறாது. மாறலாம், மாறாமலும் போகலாம். கையில் காகிதம் இல்லைன்னா நம்மால் எதுவும் கேட்க முடியாது. எழுதிக் கொடுத்துட்டு வந்தோம், ஒன்பதாம் நாள் மின்னஞ்சலில் வந்தது. பெயர், கணக்கு எண், கட்டிய தேதி, பாக்கி இல்லை என்கிற வரி எல்லாம் அதில் இருக்கான்னு பார்த்துக்கோங்க. எங்களுக்கு முதலில் வந்ததில் கணக்கு எண்ணே இல்லை, திருப்பிக் கேட்டு வாங்கினோம்.

அதுக்குள்ள கல்லூரி நாள் நெருங்கிடுச்சு. என் சங்கிலியை அடகு வச்சு முதல் தவணையைக் கட்டினோம். 1,386 ரூபாய்க்காக நாலு பவுன்! அடகுக் கடையிலிருந்து வெளியே வரும்போது மகள் என் கழுத்தைப் பார்த்தாள், நான் வேற எங்கேயோ பார்த்தேன். சான்று வந்ததும் மேலாளரிடம் கொடுத்தோம். பதிவு மாறும்வரை காத்திருக்காமல் அந்தக் காகிதத்தை ஏத்துக்கிட்டு மேலிடத்துக்கு அனுப்பினார், கடன் வந்தது. எல்லா வங்கியும் இப்படிச் செய்யணும் என்று கட்டாயம் இல்லை, அது அவங்க முடிவு. கேட்டுப் பார்க்கறதில் தப்பில்லை. நான் சொன்ன ஐபிபிஎஸ் அறிவிப்பிலும், பதிவு மாறாத நிலையில் கடன் கொடுத்தவரிடமிருந்து பாக்கி இல்லைன்னு சான்று கொண்டுவர இடம் இருக்கு.

ஒரு மாசம் கழிச்சுப் பார்த்தால் ஒரு நிறுவனத்தில் மாறியிருந்தது, இன்னொண்ணில் மாறலை. அதன் இணையதளத்திலேயே ‘டிஸ்ப்யூட்’ என்ற பகுதியில் போய் ரசீதையும் சான்றையும் ஏத்தினோம். கடன் தகவல் நிறுவனம் தானாக எதையும் திருத்தாது, தகவல் கொடுத்தவரிடம் கேட்டுத்தான் திருத்தும். ஆனால் அதுக்குக் காலக்கெடு உண்டு. முப்பது நாளுக்குள் தீர்க்கலைன்னா, தாமதமாகிற ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் நமக்கு இழப்பீடு என்று ரிசர்வ் வங்கி உத்தரவு போட்டிருக்கு, 2024 ஏப்ரல் 26-லிருந்து நடைமுறையில் இருக்கு. கடன் கொடுக்கும் நிறுவனங்களையும் கடன் தகவல் நிறுவனங்களையும் மனசில் வச்சு எழுதின விதி அது. அதனால் புகார் போட்ட நாளை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்க. எங்களுக்கு இருபத்து மூணாம் நாள் சரியாயிடுச்சு.

நிராகரிச்சால் காரணம் சொல்லணும். அந்தக் காரணமும் சரியில்லைன்னா ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கடன் தகவல் நிறுவனங்கள் 2022 செப்டம்பரிலிருந்து அந்தத் திட்டத்துக்குள் வந்துடுச்சு. கட்டணம் கிடையாது, விவரம் கேட்க 14448.

தகராறு போன் நிறுவனத்தோடு என்றால் வழி வேற. முதலில் புகார் மையம், அங்கே கொடுக்கிற புகார் எண். திருப்தி இல்லைன்னா அந்த எண்ணை வச்சு அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் போகணும். முன்னாடி புகார் எண் வாங்காமல் வைக்கக் கூடாதுன்னு சொன்னேனே, அது இதுக்குத்தான். டிராய்க்கு நேரா எழுதறவங்க நிறைய, டிராய் தனிநபர் புகாரை விசாரிக்கிறதில்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915, அதில் தமிழிலும் பேசலாம்.

இதுவரை சொன்னது நம்ம பாக்கிக்கு. வாங்காத இணைப்புக்குப் பாக்கி காட்டினால்? அப்போ ‘போனால் போகட்டும், ஆயிரம் ரூபாய்தானே’ன்னு கட்டாதீங்க. கட்டினால் அது என் கணக்குத்தான் என்று ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும். மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் உங்க பேரில் எத்தனை இணைப்பு இருக்குன்னு பார்க்கலாம், தெரியாத எண் இருந்தால் அங்கேயே ‘என்னுடையது இல்லை’ என்று புகார் பண்ணலாம். நிறுவனத்திடம், அந்த இணைப்புக்குக் கொடுத்த விண்ணப்பத்தையும் அடையாளச் சான்றையும் எழுத்துமூலம் கேளுங்க. கடன் தகவல் நிறுவனத்திலும், கணக்கே என்னுடையதில்லை என்று டிஸ்ப்யூட் போடுங்க.

காசு கொடுத்தால் ‘சிபிலைச் சுத்தம் பண்ணித் தர்றோம்’ என்று விளம்பரம் வருது. சரியான பதிவை யாராலும் அழிக்க முடியாது, தப்பான பதிவைத் திருத்த யாருக்கும் காசு தேவையில்லை. மூணு வருஷம் ஆனால் கடன் காலாவதி, பதிவும் போயிடும் என்று சிலர் சொல்வாங்க. மூணு வருஷக் கணக்கு வழக்குப் போடறதுக்கு. பதிவைக் குறைந்தது ஏழு வருஷம் வச்சிருக்கணும் என்பது வேற விதி.

இனிமே போஸ்ட்பெய்டு வேண்டாம்னா சிம்மைக் கழட்டிப் போடறது போதாது. எழுதிக் கொடுத்து மூடி, கடைசி பில்லைக் கட்டி, மூடினதுக்கு உறுதிச் செய்தி வாங்குங்க. வேற நிறுவனத்துக்கு எண்ணை மாத்தறவங்க கூடுதலாக் கவனிக்கணும். மாறின பிறகும் பழைய நிறுவனத்திலிருந்து ஒரு கடைசி பில் வரும். அது வர்ற மின்னஞ்சலை நாம் பார்க்கறதே இல்லை.

இப்ப போனை எடுங்க. பான் எண் நினைவிருக்கிறவங்க இங்கேயே ஒரு அறிக்கை எடுத்துப் பார்க்கலாம், எழுத்துப் புரியலைன்னா நான் பக்கத்தில் வர்றேன். ஓடிபி வந்தால் நீங்களே அடிச்சுக்கோங்க, எங்கிட்டகூடச் சொல்லாதீங்க.