வானத்தின் சட்டமும் வாவிக்கரையின் விதியும்

மட்டக்களப்பு நகருக்கு மேலே ஒரு ட்ரோன் பறக்கலாமா என்பதைக் சிவில் விமான சேவைகள் அதிகாரசபை தீர்மானிக்கிறது. அந்த ட்ரோன் எடுத்த படத்தை யார் பார்ப்பது, எத்தனை நாள் வைத்திருப்பது, அதைப் படித்த கணினியின் சொல்லை நம்பி யார்மீது நடவடிக்கை எடுப்பது என்பவை ஊரில் தீர்க்கப்பட வேண்டிய கேள்விகள். முதலாவதற்கு நாடளாவிய விதிகள் உண்டு. இரண்டாவதற்கு விதி எழுதும் வேலை இன்று பட்டம் பெறும் தலைமுறைக்கு வந்து சேர்கிறது.

பறப்புக்கான அடிப்படை 2010ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சிவில் விமானச் சட்டம். அதன் கீழ் ட்ரோன்கள் நிறைப்படி வகுக்கப்படுகின்றன: 200 கிராமுக்குக் குறைந்தவை, அதிலிருந்து 1 கிலோகிராம் வரையானவை, 1 முதல் 25 கிலோகிராம் வரையானவை, அதற்கும் மேற்பட்டவை. நிறை கூடக் கூட நிபந்தனைகள் இறுகும். ட்ரோன் அதை இயக்குபவரின் கண்பார்வைக்குள் இருக்க வேண்டும். மக்கள் கூட்டத்துக்கு மேலும் விமான நிலையத்துக்கு அருகிலும் விருப்பப்படி பறக்க முடியாது. மட்டக்களப்பு விமான நிலையம் நகரை ஒட்டியே இருப்பதால் இக்கட்டுப்பாடு இங்கு அன்றாட விடயம். 2019 ஏப்ரல் 21 அன்று நகரின் சீயோன் தேவாலயமும் நாட்டின் வேறு இடங்களும் தாக்கப்பட்ட பின், அதே மாதம் 25ஆம் திகதி ட்ரோன் அனுமதிகள் யாவும் நாடு முழுவதும் நிறுத்தப்பட்டன. அனுமதி முறை பின்னரே மீண்டும் தொடங்கியது. இவை அனைத்தும் பாதுகாப்பை நோக்கிய விதிகள். படத்துக்கு என்ன நேர்கிறது என்பது இவற்றின் முதன்மை நோக்கம் அன்று.

ட்ரோனும் செயற்கை நுண்ணறிவும் சேர்ந்து செய்யக்கூடிய நல்ல வேலைகள் மட்டக்களப்பு வாவிக்கரையில் நிறையவே உண்டு. 2011 ஜனவரி போன்ற பெருவெள்ளத்தில் வாவியின் மேற்கிலுள்ள படுவான்கரைக் கிராமங்களுக்கான பாதைகள் நீரில் மூழ்கும்போது, எந்த வீதியில் உழவு இயந்திரம் போகும், எங்கு வள்ளம் வேண்டும் என்பதை வான்படம் சில நிமிடங்களில் காட்டும். வாவி கடலில் கலக்கும் முகத்துவாரத்தை வெட்டிவிடலாமா என்ற பழைய சர்ச்சை வெள்ளந்தோறும் எழுகிறது. வயல் மூழ்கியவர் வெட்டச் சொல்வார், வாவியில் மீன்பிடிப்பவர் உவர்த்தன்மை மாறுமென அஞ்சுவார். நீர் பரவிய எல்லையை நாளுக்கு நாள் காட்டும் வரைபடம் அந்த வாதத்துக்குச் சான்று தரும். கண்டல் காடு சுருங்கும் இடங்களையும் யானைகள் வயலுக்குள் இறங்கும் வழிகளையும் கண்டறியலாம்.

ஒவ்வொரு பயனுக்கும் ஒரு மறுபக்கம் உண்டு. டெங்கு நுளம்பு பெருகும் கூரைப்பீலியையும் திறந்த தண்ணீர்த் தாங்கியையும் தேடும் கமரா, அதே பறப்பில் மதிலுக்கு உள்ளே கிணற்றடியில் குளிப்பவரையும் படம்பிடிக்கும். அனுமதியின்றிக் கட்டிய மாடியைச் சோலைவரிக்காகக் கண்டறியும் மென்பொருள், தகரக் கொட்டிலை வீடென எண்ணிவிடக்கூடும். வயலுக்கு மருந்து தெளிக்கும் ட்ரோன், காற்று மாறினால் வாவி நீரிலும் தெளிக்கும். தாழப் பறக்கும் ட்ரோன் கண்டலில் கூடுகட்டிய பறவைகளைக் கலைக்கும். முகமறிதல் இன்னும் கடுமையான சிக்கல்: 2018இல் வெளியான ஆய்வொன்று, முகத்தைக் கொண்டு பாலினத்தைக் கணிக்கும் வணிக மென்பொருள்கள் வெள்ளைத் தோல் ஆண்களிடம் அதிகபட்சம் 0.8 வீதமும், கருந்தோல் பெண்களிடம் 34.7 வீதம் வரையும் தவறியதைக் காட்டியது. போர்க்காலத்தில் தலைக்கு மேல் சுற்றிய வேவு விமானங்களின் இரைச்சலை மறக்காத ஒரு மாகாணத்தில், வானிலிருந்து பார்க்கப்படுவது வெறும் தொழில்நுட்ப விடயமாக எடுத்துக்கொள்ளப்படாது.

நாட்டின் சட்டம் இதில் ஓரளவு துணை நிற்கிறது. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், பொது இடங்களை முறையாகக் கண்காணிக்க முற்படுவோர் அதன் தாக்கத்தை முன்கூட்டியே மதிப்பிட வேண்டும் என்கிறது. இயந்திரம் மட்டுமே எடுத்த முடிவு ஒருவரின் உரிமைகளை மீளமுடியாதவாறு பாதிக்குமானால், அதை மீளாய்வு செய்யக் கோரும் உரிமையும் அதில் எழுதப்பட்டுள்ளது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலுக்கான உரிமைச் சட்டத்தின்படி, ஓர் உள்ளூராட்சி மன்றம் எந்தக் கருவியை எவ்வளவுக்கு வாங்கியது என்று குடிமகன் கேட்கலாம்.

இவற்றை ஊர்நடைமுறையாக்கும் கருவி துணைவிதி. 1947ஆம் ஆண்டின் 29ஆம் இலக்க மாநகர சபைகள் கட்டளைச் சட்டம் துணைவிதி ஆக்கும் அதிகாரத்தைச் சபைக்கு அளிக்கிறது. துணைவிதி மாகாண மட்டத்தில் அங்கீகாரம் பெற்று வர்த்தமானியில் வெளியானால் செல்லுபடியாகும். வான்பரப்பு சபையின் அதிகாரத்துக்கு அப்பாற்பட்டது. ஆனால் சபைக்குரிய பூங்காவிலிருந்து ட்ரோன் ஏறலாமா, சபைப் பணத்தில் எந்த மென்பொருளை வாங்குவது, அதன் முடிவை எந்த அலுவலர் சரிபார்ப்பது என்பவை சபையின் கையில் இருக்கின்றன. வாவிக்கரையோ மட்டக்களப்பு மாநகர சபை, ஏறாவூர், காத்தான்குடி நகர சபைகள், பல பிரதேச சபைகள் என்று பிரிந்து கிடக்கிறது. நகரின் புளியந்தீவில் ஏறிய ட்ரோன் சபை எல்லை பார்த்துத் திரும்பாது. ஆகவே கரையிலுள்ள சபைகள் ஒரே வாசகத்தை ஏற்பதே பொருந்தும்.

பிற இடங்கள் இவ்வழியில் முன்னே சென்றுள்ளன. 2019 மே மாதத்தில் சான் பிரான்சிஸ்கோ, நகரத் துறைகள் முகமறிதலைப் பயன்படுத்துவதைத் தடைசெய்தது. 2020 செப்டெம்பரில் அம்ஸ்டர்டாமும் ஹெல்சிங்கியும், தாம் பயன்படுத்தும் செயற்கை நுண்ணறிவு முறைமைகளின் பொதுப் பதிவேட்டைத் திறந்தன. அதே ஆண்டில் தமிழ்நாடு அரசு, பாதுகாப்பான, அறநெறி சார்ந்த செயற்கை நுண்ணறிவுக்கான கொள்கையை வெளியிட்டது. தடை, பதிவேடு, கொள்கை என வழிகள் வேறுபட்டாலும், கருவியைக் கேள்வியின்றி ஏற்கக் கூடாது என்பதில் மூன்றும் ஒன்றுபடுகின்றன.

வாவிக்கரைக்கான துணைவிதி ஐந்து விடயங்களைத் தெளிவாகச் சொன்னால் போதும். முதலாவது நோக்கம்: வெள்ளத்துக்கென எடுத்த படம் வரி அறவிடப் பயன்படக் கூடாது. இரண்டாவது காலம்: வேலை முடிந்த படம் குறித்த நாளில் அழிக்கப்பட வேண்டும்; வீட்டு வளவும் முகமும் தொடக்கத்திலேயே மங்கலாக்கப்பட வேண்டும். மூன்றாவது அறிவித்தல்: எந்த நாளில், எந்தப் பகுதியில், எதற்காகப் பறப்பு என்பது கிராம உத்தியோகத்தர் அலுவலகத்திலும் மீனவர் சங்கத்திலும் முன்கூட்டியே ஒட்டப்பட வேண்டும். நான்காவது பொறுப்பு: தண்டப்பணமோ இடிப்பு உத்தரவோ மென்பொருளின் பெயரால் வரக் கூடாது, இடத்துக்குச் சென்று பார்த்த அலுவலரின் கையெழுத்தோடு வர வேண்டும். ஐந்தாவது முறையீடு: தமிழ் நிருவாக மொழியாக உள்ள இம்மாகாணத்தில் அறிவித்தலும் அதன் காரணமும் தமிழில் இருக்க வேண்டும், பிழை என்று சொல்ல ஒரு முகவரியும் ஒரு காலக்கெடுவும் தரப்பட வேண்டும்.

இவ்விதிகளைச் சட்டம் படித்தவர் மட்டும் எழுதி முடிக்க இயலாது. மென்பொருள் எங்கே தவறும் என்பதைக் கணினிப் பட்டதாரி சொல்ல வேண்டும். கூடுகட்டும் பருவத்தை விலங்கியல் பட்டதாரியும், மருந்து காற்றில் பரவும் விதத்தை விவசாயப் பட்டதாரியும் சொல்ல வேண்டும். கிணற்றடியின் மறைவு ஏன் காக்கப்பட வேண்டும் என்பதைச் சமூகவியல் படித்தவர் எடுத்துரைக்க வேண்டும். அவர்களில் பலர் விரைவில் இதே சபைகளிலும் திணைக்களங்களிலும் மேசைக்கு அப்பால் அமர்வார்கள். முதல் ட்ரோனுக்கான கேள்விமனு வெளியாகும் முன்பே துணைவிதியின் வரைவு மக்கள் முன் வைக்கப்பட வேண்டும். வாங்கிய பின் எழுதப்படும் விதி பெரும்பாலும் வாங்கிய கருவிக்கு ஏற்றதாகவே அமைந்துவிடும்.