மதகும் மண்ணும்: காவிரி வடிநிலத்தை மாதிரியில் காணல்

முக்கொம்பு மேலணையில் காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரிந்துசெல்ல, இரு ஆறுகளுக்கும் இடையே திருவரங்கம் தீவாக அமைந்துள்ள இந்தத் திருச்சிராப்பள்ளியில் நீரியல் மாதிரிகள் குறித்த கருத்தரங்கு கூடுவது மிகப் பொருத்தமாகும். எந்த மாதிரிக்கும் எளிதில் பிடிபடாத ஆறு இங்கே ஓடுகிறது. ஒரு நிலப்பரப்பில் பெய்த மழையில் எவ்வளவு மண்ணுக்குள் இறங்குகிறது, எவ்வளவு ஆவியாகிறது, எவ்வளவு ஆற்றை அடைகிறது என்பதைச் சமன்பாடுகளால் கணிப்பது நீரியல் மாதிரி. அச்சமன்பாடுகளில் வரும் மண்ணின் நீர்கொள்திறன், நிலத்தடி நீர் ஆற்றில் கசியும் வேகம் போன்ற அளவுருக்களை வடிநிலம் முழுமைக்கும் களத்தில் அளந்துவிட இயலாது. ஆகவே, கணித்த நீரோட்டம் அளந்த நீரோட்டத்தை ஒத்துவரும்வரை அவற்றை மாற்றி மாற்றி அமைக்கின்றனர். இதுவே அளவுத்திருத்தம் எனப்படுகிறது.

பொருத்தத்தின் தரத்தைக் காட்ட 1970இல் நாஷும் சட்கிளிஃபும் வகுத்த திறன் எண் இன்றும் பெரிதும் கையாளப்படுகிறது. அது 1 எனில் முழுப் பொருத்தம். சுழியம் எனில், எல்லா நாட்களுக்கும் சராசரி நீரோட்டத்தையே எழுதிவைப்பதைவிட மாதிரி மேலானதன்று. அவ்வெண் உயர்ந்தவுடன் ஆய்வு நிறைவுற்றதாகக் கொள்வது பெரும் பிழை. வெவ்வேறு அளவுருத் தொகுதிகள் ஏறத்தாழ ஒரே தரமான பொருத்தத்தைத் தரக்கூடும் என்பதை நீரியலாளர் கீத் பெவன் நெடுங்காலமாக வலியுறுத்தி வந்துள்ளார். ஒரு தொகுதியில் மழைநீர் மண்ணில் ஊறி மெல்லக் கசியும், மற்றொன்றில் மேற்பரப்பிலேயே விரைந்தோடும். அளவிடும் இடத்தில் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும்.

81,155 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள காவிரி வடிநிலத்தில் இச்சிக்கல் இன்னும் கடுமையானது. 1934இல் கட்டி முடிக்கப்பட்டு 93.47 டி.எம்.சி. கொள்ளும் மேட்டூர் அணையும், பவானிசாகர், அமராவதி அணைகளும் மேலே இருக்க, முசிறி நீரளவு நிலையத்தில் அளக்கப்படும் நீரில் மழையின் பங்கோடு மதகைத் திறந்தோரின் முடிவும் கலந்தே வருகிறது. அணைத் திறப்புப் பதிவை உள்ளீடாகக் கொள்ளாமல் முசிறியின் நீரோட்டத்துக்கு மாதிரியைப் பொருத்தினால், மதகின் கணக்கு மண்ணின் தலையில் ஏற்றப்படும். எண் அழகாக வரும், மண் பொய்யாகிவிடும்.

பருவங்களின் வேறுபாடும் இச்சிக்கலில் அடங்கும். ஆடிப்பெருக்கில் திருவரங்கத்து அம்மா மண்டபத்துப் படித்துறையில் மக்கள் வணங்கும் புதுவெள்ளம் பெரும்பாலும் குடகிலும் அதனைச் சூழ்ந்த மலைகளிலும் பெய்த தென்மேற்குப் பருவமழையின் நீர். ஐப்பசி, கார்த்திகை வெள்ளமோ வடகிழக்குப் பருவமழையில் அண்மை நிலங்களிலிருந்து சில மணி நேரத்திலேயே வந்து சேர்வது. 1977 நவம்பர்ப் புயல்மழையில் இந்நகரம் மூழ்கியபோது அரியாறும் கோரையாறும் கரைபுரண்டன. அவை முசிறிக்குக் கீழே காவிரியில் சேர்பவை. எனவே முசிறியில் மட்டும் பொருத்திய மாதிரி, அது எத்துணைச் சிறந்ததாயினும், அவ்வெள்ளத்தைப் பற்றி ஏதும் அறியாது.

மெய்யான வடிநிலத்தை மாதிரியில் காண விரும்புவோர், கிணறுகளின் நீர்மட்டம், ஏரிகளின் இருப்பு, செயற்கைக்கோள் வழி மதிப்பிடப்படும் ஆவியுயிர்ப்பு, அதாவது மண்ணும் பயிரும் சேர்ந்து காற்றுக்கு விடும் நீர், ஆகியவற்றையும் நீரோட்டத்தோடு ஒருங்கே வைத்துப் பொருத்த வேண்டும். அளவுத்திருத்தம் செய்த ஆண்டுகளினின்றும் மாறுபட்ட ஆண்டுகளில் மாதிரியைச் சோதிக்க வேண்டும் என்று நீரியலாளர் கிளெமெஷ் 1986இல் வகுத்த முறை, மழை மிகுந்த ஆண்டுகளில் பொருத்தியதை வறண்ட ஆண்டுகளில் சோதிப்பதையும் உள்ளடக்கியது. மேட்டூர் நிரம்பும் ஆண்டும் வற்றும் ஆண்டும் மாறி மாறி வரும் காவிரிக்கு அதைவிடக் கடுமையான, அதைவிடத் தேவையான சோதனை வேறில்லை. அளந்த நீரோட்டமும் ஐயத்துக்கு அப்பாற்பட்டதன்று. அது நீர்மட்டத்திலிருந்து அட்டவணை வழி பெறப்படுவதால், மணல் அகன்று ஆற்றுப்படுகை தாழும்போது பழைய அட்டவணை பிழைபடும்.

இங்குக் கட்டுரை படிக்கவிருக்கும் ஆய்வாளர்கள், தத்தம் மாதிரி எட்டிய திறன் எண்ணோடு, அது எந்தக் கிணற்றில், எந்த ஏரியில், எந்தப் பருவத்தில் பிசகியது என்பதையும் அவைமுன் வைக்குமாறு வேண்டப்படுகின்றனர்.