கூலியில்லாப் பயிற்சி யாருக்குக் கட்டுபடியாகும்?

(மில் தொழிலாளர், விவசாயத் தொழிலாளர் குடும்பங்களின் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



‘இன்டர்ன்ஷிப்’ என்ற சொல் இப்போது நம் வீடுகளுக்குள்ளும் நுழைந்துவிட்டது. கல்லூரியில் படிக்கும் பிள்ளைகள் ஏதாவதொரு நிறுவனத்தில் சில வாரம் வேலை பழகி, சான்றிதழ் வாங்கி வரவேண்டும். மூன்றாண்டுப் பட்டப்படிப்பில் நான்காம் பருவத்திற்குப் பின் 60 முதல் 120 மணி நேரம் பழகவேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2024இல் நெறிமுறை வகுத்தது. நல்லதுதான். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது நமக்குத் தெரியாததா?

ஆனால் பழகும் காலத்திற்கு யார் சோறு போடுவது?

நம் மில் தோழர் ஒருவரின் மகள் அரசுக் கல்லூரியில் பி.காம். படிக்கிறாள். சென்ற கோடையில், இளைஞர் மேம்பாடு என்று பலகை மாட்டிய ஒரு தொண்டு நிறுவனத்திற்குப் போனாள். பள்ளியை விட்டு நின்ற பிள்ளைகளை ஊர் ஊராய்ச் சென்று கணக்கெடுத்தாள். பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவர்களுக்குக் கல்லூரி விண்ணப்பமும், முதல் பட்டதாரிச் சான்றுக்கான மனுவும் கம்ப்யூட்டரில் போட்டுக் கொடுத்தாள். நாலு பேர் நடுவே வாய் திறக்க நடுங்கியவள், இன்று தாலுகா ஆபீசில் நின்று ‘மனு ஏன் தேங்கிக் கிடக்கிறது?’ என்று கேட்கிறாள். இந்த லாபத்தை நாம் குறைத்துச் சொல்லமாட்டோம்.

இனிச் செலவைப் பாருங்கள். சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்று 2021 மே மாதம் அறிவித்தார்கள். அவள் ஊருக்கு ஓடுவதோ மப்சல் பஸ். சோறு கைக்காசு. செல்போன் செலவும் கைக்காசு. 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப்பெண் திட்டத்தில் அவளுக்கு வந்த 1000 ரூபாய் இதிலேயே கரைந்தது. இதைவிடப் பெரிய நஷ்டம் ஒன்றுண்டு. கோடை விடுமுறை வசதியான வீட்டுப் பிள்ளைக்கு ஓய்வு. நம் பிள்ளைக்கோ சம்பாதிக்கும் பருவம். பனியன் கம்பெனியிலோ காட்டு வேலையிலோ சேர்த்த காசுதான் அடுத்த பரீட்சைக் கட்டணம். அந்தக் கூலியும் போயிற்று! சிலர் வேலை பழகாமல் கையெழுத்து மட்டும் வாங்கி வருகிறார்கள் என்றால், அந்தப் பிள்ளைகளைத் திட்டி என்ன பயன்?

மில் தோழர்களுக்கு இந்த வித்தை புதிதல்ல. ‘அப்ரண்டிஸ்’ என்று பெயர் சூட்டி, மூன்றாண்டு முடிந்தால் மொத்தத் தொகை என்று ஆசை காட்டி, இளம்பெண்களை நூற்பாலை விடுதிகளில் அடைத்து வேலை வாங்கிய சுமங்கலித் திட்டத்தைக் கண்டவர்கள் நாம். தொண்டு நிறுவனத்தை அதற்குச் சமமாக வைக்கவில்லை. அங்கே பலர் சொற்பச் சம்பளத்தில் மனதார உழைக்கிறார்கள். ஆயினும் பெயரை மாற்றினால் கூலி மறைந்துவிடும் என்ற தந்திரம் ஒன்றேதான்.

1961ஆம் ஆண்டு அப்ரண்டிஸ் சட்டத்தின் கீழ் சேருபவருக்கு உதவித்தொகை உண்டு; பட்டதாரிக்குக் குறைந்தது மாதம் 9000 ரூபாய் என்று 2019இல் விதியைத் திருத்தினார்கள். 2024இல் மத்திய அரசு அறிவித்த பிரதமர் இன்டர்ன்ஷிப் திட்டத்தில் மாதம் 5000 ரூபாய். ஆனால் முழுநேரம் கல்லூரியில் படிப்பவருக்கு அதில் இடம் வைக்கவில்லை. நடுவில் மாட்டிக்கொண்டது நம் பிள்ளை!

தொண்டு நிறுவனத்திடம் பணமில்லை என்பார்கள். சில இடங்களில் உண்மை. ஆனால் பெரிய கம்பெனிகள் தம் மூன்றாண்டுச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிடவேண்டும் என்கிறது 2013 கம்பெனிச் சட்டம். அந்தப் பணம் இத்தகைய நிறுவனங்களுக்கும் போகிறது. பேனருக்கும் போட்டோவுக்கும் செலவுக் கணக்கில் இடமிருந்தால், வெயிலில் அலையும் பெண்ணின் பஸ் சார்ஜுக்கும் மதியச் சோற்றுக்கும் இடமிருக்க வேண்டாமா?

பெண்ணைப் பெற்றவர்கள் இன்னொன்றையும் கவனிக்கவேண்டும். 2013இல் வந்த பணியிடப் பாலியல் தொல்லைத் தடுப்புச் சட்டம், சம்பளமில்லாமல் பயிற்சிக்கு வருபவரையும் பாதுகாக்கிறது. அறக்கட்டளையும் அதில் பணியிடமே. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் புகார்க் குழு இருக்கவேண்டும்; குறைவான இடமென்றால் மாவட்டக் குழுவிடம் புகார் கொடுக்கலாம்.

அடுத்த விடுமுறைக்குப் பிள்ளையை அனுப்புமுன், கல்லூரி தரும் கடிதத்தைப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். எத்தனை நாள், என்ன வேலை, எத்தனை மணிக்கு விடுவார்கள், பஸ் சார்ஜ் யார் தருவது என்று நாலும் எழுத்தில் இருக்கட்டும். இல்லையென்றால் தனியாகப் போய் நிற்கவேண்டாம். ஒரு ஷிப்டு லீவு போட்டு, பெற்றோர் எல்லாரும் சேர்ந்தே கல்லூரி முதல்வரைப் பார்ப்போம்.